பொட்டு வைத்த கல்

யோகேஸ்வரனின் பழைய கேம்பர் வேனுக்கு ஹேண்ட்பிரேக் பிடிக்காது. ஏற்றத்தில் நின்றால் அவன் பிரேக்கை மிதித்திருப்பான். மனைவி பிரியந்தினி இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுப்பாள். அட்டனிலிருந்தே கொண்டுவந்த கல். அதற்குக் குங்குமப் பொட்டும் வைத்திருந்தாள்.

இறம்பொடைக்கு மேலே இன்ஜின் நின்றது. அவன் இன்ஜினுக்குப் பொறி கொடுக்கும் பாயிண்டை நெருப்புப்பெட்டியின் உரசும் பக்கத்தால் தேய்த்துக் கிளப்பினான்.

நான்கு கிலோமீட்டர் போனபின் கேட்டான்: “கல்ல எடுத்தியா?”

“ஐயோ, ரோட்டுலயே விட்டுட்டேங்க.”

அப்போதே இன்ஜின் மறுபடி அடங்கியது. அவன் பிரேக்கை மிதித்தும் ஈரமான தார் ரோட்டில் வேன் பின்னால் வழுக்கியது. பின்னால் தேயிலைச் சரிவு. ஒரு முழம் போனதும் டொக்கென்று நின்றது.

பிரியந்தினி இறங்கிப் பார்த்தாள். சக்கரத்தடியில் அதே கல். பொட்டு கலையவில்லை.

அவன் அதைப் பார்த்தான். இன்ஜினில் சூடேறியிருந்த பெட்ரோல் பம்பில் ஈரத்துணி சுற்றினான். இன்ஜின் பிடித்தது.

“இந்தத் தடவ எடுத்தியா?”

“இல்லங்க. வேணும்னேதான் விட்டுட்டு வந்தேன்.”

கண்ணாடியில் கல் சின்னதாகி, வளைவில் மறைந்தது.

அடுத்த ஏற்றத்தில் இன்ஜின் இருமியது. இருவரும் அந்த டொக் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள்.