காற்றுக்கு மணம் உண்டா?

வெள்ளிக்கிழமை வாய்மொழித் தேர்வு. திறந்திருக்கும் ஒரே ஜன்னல் வழியே பக்கத்துக் கம்பெனிப் புகை, அழுகிய முட்டை நாற்றத்தோடு மூன்றாம் வகுப்புக்குள் நுழைகிறது. "காற்றுக்கு மணம் உண்டா?" என்று கேட்கிறார் ஜெசிந்தா டீச்சர். பாடப்புத்தகத்தின் விடை, இல்லை. இலக்கியா மூக்கைப் பொத்திக்கொண்டே எழுந்து, "கீது டீச்சர். நாறுது," என்கிறாள். வகுப்பு சிரிக்கிறது, சிரிப்பு இருமலாகிறது. வாசலில் தலைமையாசிரியை சிஸ்டர் பிலோமினா. "புக்குல இருக்கறத சொல்லாதவ முட்டி போடட்டும். பெஞ்சு குடுத்த கம்பெனிக்காரங்க வந்துனு இருக்காங்க, ஜன்னல சாத்துங்க டீச்சர்." டீச்சருக்குக் காதுமடல் கொதிக்கிறது. முட்டி போடக் குனிந்த இலக்கியாவைத் தோளைப் பிடித்து நிமிர்த்துகிறார். விறுவிறுவென்று போய், சாத்தியிருந்த மற்ற ஜன்னல்களையும் படார் படாரென்று திறக்கிறார். "வரட்டும் சிஸ்டர். இதே கேள்விய அவங்களாண்ட கேட்டுக்கறேன்."