இடது பக்கப் பெட்டி

"என்ன பாய், ஒயரை மாத்தி மாட்டியிருக்கீங்க? இடது பெட்டி அமுங்கிக் கேக்குது. பிளஸ் எது, மைனஸ் எதுன்னு பார்க்க வேண்டாமா?"

விக்டர் இப்படிக் கேட்டதும் கூடத்திலிருந்த நாலு பேரும் நசுருதீனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அறுபத்து நாலாம் வருஷம். மேலப்புதூரில் விக்டர் வீடு. சிங்கப்பூரிலிருந்து அவர் அண்ணன் அனுப்பிய ஸ்டீரியோ செட்டுக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். முந்தின நாள்தான் அவற்றை மாட்டிக் கொடுத்திருந்தார் பாலக்கரை ரேடியோ மெக்கானிக் நசுருதீன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்திருந்த நாலு பேரும் கோயில் கமிட்டிக்காரர்கள். பாடகர் குழுவுக்குப் புது மாஸ்டர் வேண்டும். பத்துப் பேர் பாடினாலும் யார் சுருதி விலகுகிறது என்று சட்டென்று சொல்லிவிடுவார் விக்டர். அவரையே போட்டுவிடலாம் என்று பேச்சு.

"மாத்தி மாட்டியிருக்க மாட்டேன் சார். எதுக்கும் பார்த்துடறேன்."

நசுருதீன் பெட்டிகளின் முன்பக்கத் துணியைக் கழற்றினார். பையிலிருந்து ஒரு டார்ச் செல்லை எடுத்தார்.

"அது எதுக்கு?" என்றார் கமிட்டித் தலைவர் சவரிராயன்.

"ஒயரை இதுல தொட்டா உள்ளே இருக்கிற காகிதம் குதிக்கும். ரெண்டு பெட்டியிலயும் ஒரே பக்கமாக் குதிக்கணும். ஒண்ணு முன்னால, ஒண்ணு பின்னால குதிச்சா ஒயர் மாறியிருக்குன்னு அர்த்தம். ஒரு பெட்டிச் சத்தத்தை இன்னொண்ணு முழுங்கிடும்."

குனிந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"எப்படிக் குதிக்குது?" என்றார் சவரிராயன்.

நசுருதீன் எழுந்தார். இடது பெட்டியை வலது பக்கமும் வலது பெட்டியை இடது பக்கமுமாக மாற்றி வைத்துவிட்டு இசைத்தட்டைச் சுழல விட்டார்.

"இப்பக் கேளுங்க சார்."

விக்டர் கண்ணை மூடிக் கேட்டார். "ம்ஹூம். இப்பவும் இடது பக்கம்தான் அமுங்கிக் கிடக்கு."

"எங்களுக்கு நல்லாத்தானே கேக்குது?" சவரிராயன் மற்ற மூவரையும் பார்த்தார். "ஏன் விக்டர், உங்களுக்கு..."

"சார் சொல்றது சரிதாங்க!" என்று குறுக்கே விழுந்தார் நசுருதீன். "தப்பு என்னோடது. ஒயரை நான்தான் மாத்திட்டேன். சாரோட காது லேசுப்பட்டதா? சார், வராண்டா வரைக்கும் வாங்க. ஒயரை வெட்டி ஒட்டணும், பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்."

ஐந்து நிமிஷத்தில் இருவரும் திரும்பி வந்தார்கள். பாட்டு மறுபடி ஒலித்தது.

"இப்ப?" என்றார் சவரிராயன்.

"சரியா இருக்கு" என்றார் விக்டர், மெல்லிய குரலில்.

சவரிராயன் நசுருதீன் பக்கம் திரும்பினார். "திருவிழாவுக்கு மைக் செட் உங்ககிட்டதான் சொல்றதா இருந்தோம் பாய். ரெண்டு பெட்டிக்கே இந்த லட்சணம்னா எப்படி? வேற ஆளைப் பார்த்துக்கறோம்."

"உங்க இஷ்டங்க" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார் நசுருதீன்.

அன்றே விக்டர் பாடகர் குழு மாஸ்டர் ஆனார். நசுருதீன் ஒயர் மாற்றிய கதை அவர் வீடு போய்ச் சேருவதற்குள் பாலக்கரைக்குப் போய்விட்டது.

"நெசமாவே மாத்தி மாட்டினீங்களா?" என்று கேட்டாள் மனைவி கமருன்னிசா.

"மனுஷன்தானே, கமரு."

"ரெண்டு தடவை தொட்டுப் பார்க்காம ஒரு பெட்டியை மூடுவீங்களா நீங்க? எங்கிட்ட மறைக்காதீங்க!"

அவர் சிரித்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அவள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பதினைந்து நாள் கழித்து விக்டரே அவர்கள் வீட்டைத் தேடி வந்தார். நசுருதீன் மணப்பாறைக்கு வேலையாகப் போயிருந்தார். கமருன்னிசா கதவுத் திரைக்குப் பின்னாலிருந்தே பிடித்துக்கொண்டாள்.

"அவரு வேலையில இதுவரைக்கும் யாரும் ஒரு குறை சொன்னதில்லைங்க. நாலு பேர் முன்னால தலைகுனிய வெச்சுட்டீங்களே! திருவிழா வேலையும் போச்சு."

"போகலம்மா. மைக் செட் பாய்க்குத்தான். இப்பத்தான் கமிட்டியில எல்லாத்தையும் சொல்லிட்டு வரேன். இனி என்னை மாஸ்டரா வெச்சுக்கறதும் வேணாங்கறதும் அவங்க இஷ்டம்."

"எதைச் சொன்னீங்க?"

அப்போதுதான் திரை இடுக்கு வழியாக அவள் கவனித்தாள். விக்டரின் இடது காதில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது.

"ஒயர்ல ஒரு தப்பும் இல்லம்மா. அன்னைக்கு வராண்டாவுல பாய் என் கையில கொடுத்தது ஒயர் இல்ல, காது டாக்டர் விலாசம்."