ஓடாத பேக்கப்

“நேத்தும் ஓடல தம்பி” என்று சொல்லிக்கொண்டே சாரதா ஆன்டி ரொட்டித் தட்டை ஹரிதாஸின் முன்னால் வைத்தார். காயா என்கிற தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரொட்டி. பெண் கேட்டு வந்த வீட்டில் மூன்றாவது முறையாகவும் பசியாற வெறும் ரொட்டிதான் என்றால், அதற்கு என்ன அர்த்தம் என்று ஹரிதாஸுக்குப் புரியாமல் இல்லை.

கம்போங் ராஜாவில் கணினிக் கடை வைத்திருப்பவன் அவன். மோகனாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு இந்தத் தேயிலைத் தோட்டத்து வீட்டுக்கு முதல்முறை வந்தபோது, அவளுடைய அப்பா சின்னையா உடனே சரி என்றுவிட்டார். ஆனால் அந்த வீட்டில் சின்னையாவின் ‘சரி’ எதற்கும் உதவாது. அவளுடைய அம்மா சாரதா ஆன்டி தலையசைக்க வேண்டும்.

வந்த இடத்தில் அவன் சும்மா இருந்திருக்கலாம். ஆன்டியை அசத்திவிடலாம் என்று, யாரும் கேட்காமலே கூடத்தில் இருந்த கணினியைத் திறந்து பார்த்தான். தோட்டத்துக் கோயில் திருவிழாக்களையெல்லாம் சின்னையா வருஷா வருஷம் வீடியோ எடுத்து அதில் சேர்த்து வைத்திருந்தார். அவற்றைத் தினமும் இன்னொரு டிஸ்க்கில் தானாகவே நகலெடுக்க யாரோ ஒரு புண்ணியவான் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்திருந்தான். அது என்னடாவென்றால், ஏற்கெனவே எடுத்த நகலையெல்லாம் அழித்துவிட்டு, ராத்திரி பூராவும் முதலிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது.

ஹரிதாஸ் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதிதாகச் சேர்ந்ததை மட்டும் நகலெடுக்கும்படி வேறு ஸ்கிரிப்ட் எழுதினான். ராத்திரி முழுக்க இழுத்த வேலை ஒரு வாய் தேநீர் குடிப்பதற்குள் முடிந்துவிட்டது. கணினிப் பெட்டியின் மேல் மடித்துப் போட்டிருந்த கம்பளியையும் எடுத்துக் கொடுத்து, இந்தக் குளிருக்கு மனுஷன் போர்த்திக்கொண்டால் போதும் என்று ஜோக் வேறு அடித்தான். ஆன்டி சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து பேக்கப் ஓடவில்லை என்று ஒரே புகார்.

அவன் வயரை மாற்றினான். டிஸ்க்கை மாற்றினான். ஓடும் நேரத்தையும் மாற்றிப் பார்த்தான். போன வாரம் ஆன்டியையே பக்கத்தில் உட்கார வைத்து, நகல் டிஸ்க்கில் இருந்த வீடியோக்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினான். தீமிதித் திருவிழாவில் தானே தீச்சட்டி ஏந்தி வருவதைக் கண்ணாரப் பார்த்த பிறகும் ஆன்டியின் மனம் இளகவில்லை. படமெல்லாம் இருக்கிறது, ஆனால் பேக்கப் ஓடவில்லை என்று சாதித்தார். எப்படித் தெரியும் என்று கேட்டால் கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “காலைல எந்திரிச்சா தெரியுதுலா” என்பார்.

சின்னையாவோ இந்த வழக்கில் யார் பக்கமும் சாயாமல், ரொட்டியைத் தேநீரில் முக்கிச் சோகமாகத் தின்றுகொண்டிருந்தார். அவருக்கு அந்தக் கணினி மேல் உயிர். அதன் பக்கத்தில் யாரும் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொண்டுபோகக் கூடாது.

மோகனா ஹரிதாஸை வாசல் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருக்கும் குடும்பம் ஒன்று ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருகிறதாம். ஒரு பேக்கப்பை ஓட வைக்கத் தெரியாதவன் குடும்பத்தை எப்படி நடத்துவான் என்று அம்மா கேட்கிறாராம்.

“நீங்க படிச்சதெல்லாம் அப்புறம்லா. எங்கம்மாவுக்கு எப்படி வேணுமோ அப்படிப் பண்ணிக் குடுங்க” என்றாள். கண் கலங்கியிருந்தது.

அதைப் பார்த்த பிறகு அவனுக்குக் கௌரவமாவது ஒன்றாவது. தன் ஸ்கிரிப்ட்டைத் தன் கையாலேயே அழித்தான். அந்தப் புண்ணியவானின் பழைய ஸ்கிரிப்ட்டைத் தேடிப் பிடித்துத் திரும்பப் போட்டான். போடும்போதே, இது வெட்டி வேலை, கரண்ட் பில்தான் ஏறும் என்பதையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னான். ஆன்டி கேட்டது ஒரே கேள்வி.

“விடிய விடிய ஓடுமா?”

“ஓடும் ஆன்டி. நிக்கவே நிக்காது.”

ஆன்டி உள்ளே போய்விட்டார். தொழிலில் மானம் போயிற்று, மோகனாவும் போனாள் என்ற நினைப்போடு ஹரிதாஸ் வீடு திரும்பினான்.

மறுநாள் காலை மோகனாவிடமிருந்து போன் வந்தது. திரிங்காப்காரர்களை வர வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாராம். ஹரிதாஸை உடனே பசியாற வரச் சொல்கிறாராம். அவன் மோட்டார் சைக்கிளை எடுத்த வேகத்தில் ஹெல்மெட்டை மறந்து, பாதி வழியில் திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்தான்.

வாசலிலேயே ஆன்டி நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“வாங்க மாப்பிள்ளை. ராத்திரி பேக்கப் பிரமாதம்லா.”

கூடத்தில் கணினியின் திரை அணைந்து கிடந்தது. அதை இன்னும் யாரும் தொட்டதாகவே தெரியவில்லை. ஹரிதாஸுக்கு மண்டை குடைந்தது. சின்னையா கை கழுவ எழுந்து போகும் வரை பொறுத்திருந்து, பேக்கப் ஓடியது எப்படித் தெரிந்தது என்று கேட்டுவிட்டான்.

ஆன்டி அவன் தட்டில் பஞ்சு மாதிரி இரண்டு இட்லியை வைத்தார். கணவர் போன பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“விடிய விடிய பெட்டி சூடா இருந்தாத்தானே தம்பி, அது மேல வெச்ச மாவு பொங்கும்.”