வேர்ச் சர்க்கரை

கோழிக்குஞ்சுக் கொட்டகையின் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே, முகக்கவசம் போட்டுக்கொண்டு அவர் நிற்கிறார். உள்ளே மஞ்சள் விளக்கடியில் கால்நடை மருத்துவரான அவர் மனைவி, ஒவ்வொரு குஞ்சாக எடுத்து, கழுத்துத் தோலை மெல்லத் தூக்கித் தடுப்பூசி போடுகிறாள். மருந்தோடு கலந்திருப்பது, அவர் ஒரு மூலிகை வேரிலிருந்து பிரித்தெடுத்த சர்க்கரை. அது சேர்ந்தால் குஞ்சுகளுக்கு எதிர்ப்புச் சக்தி கூடுகிறதென்று காலையில்தான் சோதனை முடிவு வந்திருக்கிறது. வேரை அரைத்துக் காய்ச்சிய மனிதருக்கோ ரத்தப் புற்றுநோய். உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இல்லை, குஞ்சுகள் பக்கம் போகவே கூடாதென்று சொல்லியிருக்கிறார்கள்.

"எனக்கும் ஒண்ணு போட்டுவிடேன், டாக்டரம்மா! இறகாவது முளைக்குதா பாப்போம்," என்று முடி கொட்டிய தலையைத் தடவிக்கொண்டு, கண்ணாடியைத் தாண்டிக் கேட்கும்படி கத்துகிறார்.

அவள் சிரித்துவிடுகிறாள். சிகிச்சைக்கு இனி நோய் அடங்காதென்று மருத்துவமனையிலிருந்து சற்றுமுன் வந்த செய்தி அவளுக்கு மட்டுமே தெரியும். "சும்மா இருங்க, குஞ்செல்லாம் மிரளுது."

"அடுத்த தடவை வேரை நான்தான் அரைப்பேன். வேற யாருக்கும் குடுத்துடாதே, பதம் தெரியாம கெடுத்துடுவாங்க."

"யாருக்குக் குடுக்கப்போறேன்? உங்களுக்குன்னுதான் எடுத்து வெச்சிருக்கேன்."

அடுத்த குஞ்சை எடுக்கிறாள். கழுத்தருகே கொண்டுபோன ஊசியைப் போடாமல் கீழே இறக்குகிறாள். உள்ளங்கைக்குள் குஞ்சின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது.

"என்னம்மா, கை வலிக்குதா?"

"ஆமாங்க, கொஞ்சம்," என்கிறாள், நிமிராமலே.