ஈர மை

விஸ்துலா ஆறு உறைந்து கிடக்கிறது. மடத்தின் எழுத்துக்கூடத்தில் இருக்கிற கொஞ்ச வெளிச்சமும் யாரோஷின் மேசைக்கே போய்ச் சேருகிறது. போன அறுவடைக்குத்தான் வந்தான். அதற்குள் மடத்துத் தலைவர் வாயைத் திறந்தால் அவன் கையெழுத்தின் புகழ்தான். அங்கே பல வருஷமாக ஏடு எழுதிவரும் டோமரத்துக்கு வயிறு எரிகிறது. மை எடுக்கிற சாக்கில் எழுந்து அவன் தோளுக்குப் பின்னால் நிற்கிறார். தோல்தாளில் இறகுப்பேனா கீச்சிடுகிறது. தினமும் பாடுகிற திருப்பாடலில் யாரோஷ் ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிறான். மை இன்னும் ஈரமாகப் பளபளக்கிறது. இப்போது சொன்னால் துடைத்துவிடலாம். டோமரத் மை மங்கிக் காய்வதை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். தலைவர் உள்ளே வருகிறார்.

"சாமி, உங்க செல்லப்பிள்ளை ஒரு வரிய முழுங்கிட்டான், பாருங்க."

யாரோஷின் காது சிவக்கிறது. பார்த்து எழுதிய பழைய ஏட்டை நீட்டுகிறான். "இதுல இருந்ததத்தானே எழுதுனேன், பிரதர்."

தலைவர் விரல் வைத்துப் பார்க்கிறார். அதிலும் அந்த வரி இல்லை. "எல்லாரும் மனப்பாடமாப் பாடுறோம், எவன் ஏட்டப் பாத்தான்? எழுதுன புண்ணியவான் யாரு?"

அவர் கடைசிப் பக்கத்துக்குப் புரட்டுகிறார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஆசை ஆசையாகத் தான் போட்ட சிவப்பு மை வரி அங்கே காத்திருப்பது டோமரத்துக்குத் தெரியும். 'எழுதியவன் டோமரத். படிப்பவர்களே, எனக்காக ஜெபியுங்கள்.'