வாஷிங் மெஷினில் சேமிப்பு

நூலக மாடியில், சேமிப்பை எப்படி முதலீடு செய்வது என்று தெரியாதவர்களுக்கு இலவச வகுப்பு. மருந்துக்கடைக்காரர் பேச வருகிறவனின் மானத்தை வாங்கத்தான் அங்கே போனார்.

மூன்று வருடத்துக்கு முன் அவர் மனைவியின் நகை மொத்தமும் திருடு போனது. போலீஸில் எழுதிக் கொடுத்தும் பலன் இல்லை. அன்றிலிருந்து யாரையும் நம்பாத அவருக்குத் தெருவே ‘சந்தேகம்’ என்று பேர் வைத்துவிட்டது. மனைவி தானும் வகுப்புக்கு வருவதாகச் சொன்னபோது, உனக்கென்ன சொத்தா கொட்டிக் கிடக்கிறது, வீட்டிலேயே கிட என்று அடக்கிவிட்டுத்தான் கிளம்பினார்.

டை கட்டிய பேச்சாளன் இளித்தபடி ஆரம்பித்தான். ஆறு மாதச் செலவுக்கான பணம் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டுமாம். மிச்சத்தை ஒரே இடத்தில் குவிக்காமல் பிரித்துப் போட வேண்டுமாம். சீக்கிரம் இரட்டிப்பாகும் என்கிறவனைக் கண்டால் ஓட வேண்டுமாம். கூட்டம் மந்தை மாதிரி தலையாட்டி எழுதிக்கொண்டது. தலையெழுத்து!

சந்தேகம் எழுந்தார். “நல்லாப் பேசறே தம்பி. கடைசியில எங்க பணத்தை உன் கையில குடுக்கணும், அவ்வளவுதானே?”

தனக்கு ஒரு பைசா வேண்டாம் என்றான் அவன். “சரி சார், நீங்க எங்கே வெச்சிருக்கீங்க?”

கூட்டம் சிரித்தது. சந்தேகத்துக்குச் சுர்ரென்று ஏறியது.

“எங்க வீட்டு மாடிப்படிக்கு அடியில, கெட்டுப்போன வாஷிங் மெஷின் ஒண்ணு கிடக்கு. என் தங்கம் அத்தனையும் அதுக்குள்ளதான். எந்த மடையனாவது அதைத் திறந்து பார்ப்பானா?”

பேச்சாளன் அவசரமாக அடுத்த பாடத்துக்குத் தாவினான். கடைசி வரிசையில் யாரோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற சத்தம் கேட்டது. சந்தேகம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜெயித்துவிட்ட மிதப்பில், வகுப்பு முடிந்ததும் ஓசி டீயும் பிஸ்கட்டும் இரண்டு தரம் வாங்கித் தின்றார்.

பாதி வழியில்தான் உறைத்தது. ஐம்பது பேருக்கு நடுவில் உளறிக் கொட்டியாயிற்றே! செருப்பு அறுந்ததுகூடத் தெரியாமல் ஓடினார்.

மெஷின் மூடி திறந்து கிடந்தது. உள்ளே குண்டுமணித் தங்கம்கூட இல்லை.

டைக்காரன் ஆளை விட்டு அடித்துவிட்டான் என்று தலையில் அடித்துக்கொண்டு அலறினார். “கிளம்புடி, போலீஸுக்குப் போலாம்.”

“போலாங்க. மூணு வருஷமா அங்க தூங்கற என் நகைப் புகாரையும் அப்படியே முடிச்சுட்டு வந்துடலாம்” என்றாள் மனைவி, திருடு போன வளையல்கள் கையில் குலுங்க, வகுப்பில் கொடுத்த நோட்டீஸால் விசிறிக்கொண்டே.