நாலாவது பந்து

கதவு பாதி திறந்திருந்தது. அப்துல் வாஹித் படியேறுவதைக் கண்டதும் ராயப்பராஜ் நூல் கூடையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

வாஹித் அதைப் பார்த்துவிட்டார். இருபது வருடமாகத் திண்டுக்கல்லில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருப்பவர். தொழில் ரகசியத்தை மனிதர்கள் எப்படி ஒளிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

“ஒளிக்காதீக தம்பி. நான் ஒண்ணும் களவாண்டுட்டு ஓட மாட்டேன்.”

பையிலிருந்து மஞ்சள் கம்பளிப் பந்தை எடுத்துத் தரையில் போட்டார். முழங்கால் உயரம் துள்ளி எழுந்தது.

அவர் கடைப் பூப்பந்துகள் இரண்டு ஆட்டத்தில் சப்பிப்போகும். ஞாயிற்றுக்கிழமை இந்தப் பந்து ஐந்து ஆட்டம் தாங்கியது. மதுரையிலிருந்து வந்திருந்த சங்கத்துக்காரர்கள் மைதானத்திலேயே அவரிடம் ஒரு டஜன் கேட்டுவிட்டார்கள், வெள்ளிக்கிழமைக்குள். கொடுத்தால் ஜில்லா முழுக்க அவர் பந்துதான். கொடுக்காவிட்டால், ஏற்கெனவே ஈயோட்டும் கடையைச் சாத்த வேண்டியதுதான். பந்து செய்தவன் யார் என்று கேட்டதற்கு ஆட்டக்காரர்கள் நாகல் நகரில் பி.ஏ. படித்த ராயப்பராஜின் இந்த வீட்டைச் சொன்னார்கள்.

“செஞ்சது மூணுதாங்க. நாலாவதுக்கு நூல் காணாது” என்றான் ராயப்பராஜ்.

“காணாட்டி வாங்குறது! எந்த மில்லு நூலு?”

“நம்ம பஜார் நூல்தான்.”

“பி.ஏ. படிச்சவுக இப்படிப் பொய் சொல்லலாமா?”

வாஹித் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. அவரே குனிந்து கூடையை வெளியே இழுத்தார், அவன் தடுக்கவுமில்லை.

ஓர் இழையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அது நேராகத் தொங்கவில்லை. நுனியிலிருந்து நுனிவரை குட்டிக் குட்டி நெளிவுகள். இழுத்து விட்டதும் சுருண்டுகொண்டது.

“யா அல்லா! இந்த நெளிவுதான் துள்ளுதா? எப்படிப் பண்ணுனீக?”

“பின்னிப் பிரிச்ச நூலுங்க. பிரிச்சாலும் பின்னுன நெளிவு போகாது. அதான் அடிச்சா அமுங்காம எந்திரிக்குது.”

“அம்புட்டுத்தானா! இம்புட்டு வருசத்துல எனக்குத் தோணலையே!”

“எனக்கும் தோணல. கை சும்மா இருக்க மாட்டேன்னுச்சு. பிரிச்சேன், சுத்துனேன்.”

“பின்னுனதும் நீங்கதானா?”

“வீட்ல பின்னுனது. கான்வென்ட்ல கத்துக்கிட்டா. ஒரு சின்ன ஸ்வெட்டர், மார்கழிக்கு ஆகும்னு.”

வாஹித்துக்கு உயிர் வந்தது. கடை பிழைத்தது.

“அப்பப் பிறகென்ன! நூலை நான் கட்டுக்கட்டா எறக்குறேன். தங்கச்சி பின்னட்டும், நாம பிரிப்போம்.” சமையல்கட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “ஏம்மா! செத்த வெளிய வாம்மா! ஒன் கைதான் இந்த அண்ணனைக் காப்பாத்தணும்!”

ராயப்பராஜ் அவர் விரலிலிருந்து இழையை மெல்ல விடுவித்துக் கூடைக்குள் வைத்தான்.

“பின்னுனவளையும் போட்டுக்க வேண்டிய பிள்ளையையும் ஒரே குழியிலதாங்க வச்சோம்.”